தொழிலின் மறைவும் குடியின் பெயர்வும்: தாம்பரம் வட்டார வரலாற்றில் ஒரு பகுதி

முன்னுரை

களவியலுரை எனப்பெறும் இறையனார் அகப்பொருளுரை, தமிழ் கற்றோர் நன்கறிந்த செய்தி ஒன்றைக் கூறுகின்றது. பாண்டி நாட்டைப் பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வாட்டியது. தன்னைச் சார்ந்திருந்த புலவரைப் புரக்க இயலாத மன்னன், அவர்களை வேற்று நாடுகட்குச் சென்று பிழைக்குமாறு விடுத்து, நாடு செழித்தபின் மீளுமாறு கூறினான். பஞ்சம் நீங்கிற்று. மன்னன் ஆட்களை விடுத்துத் தேடுவித்தான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர் கிடைத்தனர். பொருள் வல்லவர் ஒருவரேனும் கிடைத்திலர்.

இச்செய்தி நடந்ததோ புனைந்ததோ என்னும் ஆராய்ச்சியுள் யாம் ஈண்டுப் புகவில்லை. இலக்கண வரலாற்றின்பொருட்டே அறிஞர் இதனை எடுத்தாள்வர். ஆயினும், பிழைப்பின்றி ஊர்விட்டுப் பெயர்ந்தோர் வரலாறாகவும் இதனைப் படிக்கலாம். வளம் திரும்பியபோது போனவர் அனைவரும் திரும்பவில்லை. அவர்களோடு போன அறிவும் திரும்பவில்லை. இவ்வுண்மைக்குத் தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அண்மைக் காலச் சான்றாக நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து. தொழில் தேடி இவ்வூர்கட்கு வந்த குடும்பங்கள், அத்தொழில் நின்றபோது என்னவாயின என்பதை இயன்ற அளவு ஆராய்வோம்.

வந்தோரால் வளர்ந்த ஊர்கள்

இவ்வட்டாரம் பழமையுடையது. பல்லாவரத்துக் குடைவரை முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. திருநீர்மலை திருமங்கையாழ்வார் பாடல் பெற்ற தலம். எனினும், இன்று நாம் காணும் நகரம் இப்பழமையினின்று நேரே வளர்ந்ததன்று. அதனை வளர்த்தவை இருப்புப்பாதையும் கல்லூரியும் தொழிற்சாலையுமே. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிடத்தை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டையும், 1984இல் தாம்பரத்து ஏற்றுமதி மண்டலமும் தோன்றின. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய நகராட்சிகளும் அருகிருந்த பேரூராட்சிகள் சிலவும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. ஏரியும் வயலுமாய்க் கிடந்த சிற்றூர்கள் நூறாண்டுக்குள் மாநகரமாயின எனின், அம்மாற்றம் வந்து குடியேறியோரால் நிகழ்ந்ததே.

குடியேறியோருள் தமிழுலகம் போற்றும் ஒருவரும் உளர். மறைமலையடிகள் 1898 முதல் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கினார். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடமாயிருந்த நிலை மாறியபோது தமிழாசிரியர் பணி சுருங்கிற்று. 1911இல் அவர் கல்லூரியை நீங்கிப் பல்லாவரத்தில் வந்தமர்ந்தார். தொழிலின் சுருக்கம் ஒருவரை இடம்பெயர்த்ததற்கு இதுவும் ஒரு சான்றே. அடிகளுக்குப் புலமையும் புகழும் அன்பர் துணையும் இருந்தன. ஆதலின் அவ்விழப்பு தமிழுக்கு ஆக்கமாயிற்று. அத்துணை இல்லாத எளிய குடும்பங்கட்கு வேலையிழப்பு அவ்வாறு முடிவதில்லை. அடிகளின் பெயர் தாங்கிய மறைமலைநகரிலேயே இதற்குச் சான்று உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

தோல் தொழில்

தொழிலே ஊருக்குப் பெயரானதற்குக் குரோம்பேட்டை தக்க எடுத்துக்காட்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிடுதல் இந்நாட்டின் பழைய முறை. அதற்கு வாரக்கணக்கில் நாள் வேண்டும். குரோமிய உப்பினால் பதனிடும் புதுமுறையோ அவ்வேலையை ஓரிரு நாளில் முடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரடு சாட்டர்டன் என்னும் அரசு அலுவலர் இம்முறையைச் சென்னையில் ஆய்ந்து பரப்பினார். பின்னர்ச் சேம்பர்சு என்பார் பல்லாவரத்தை அடுத்து நிறுவிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயராயிற்று. கோயிலாலும் குளத்தாலும் பெயர் பெற்ற ஊர்கள் தமிழ்நாட்டில் பல. ஒரு வேதிப்பொருளால் பெயர் பெற்ற ஊர் அரிது.

நாகல்கேணி, பம்மல், பல்லாவரம் ஆகிய இடங்களில் தோல் பதனிடும் ஆலைகள் பெருகின. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை எடுப்பதும், மயிரையும் ஊனையும் நீக்குவதும் கடுமையான வேலைகள். சாதியமைப்பு இழிவென ஒதுக்கிய அவ்வேலையைச் செய்தோருள் ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதி. ஊரில் நிலமில்லாத அவர்கட்கு வாரக்கூலி பெருந்துணையாயிற்று. பண்ணையாரை நம்பி வாழும் நிலையினின்று விடுபடும் வழியாகவும் அக்கூலி இருந்தது. ஆதலின், அத்தொழிலின் தளர்ச்சியை வருமானக் குறைவாக மட்டும் கருதுதல் பொருந்தாது.

தளர்ச்சி இரு வழியாக வந்தது. 1972இல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முற்றும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. நாட்டுக்கு நன்மை தரும் கொள்கையே அது. ஆயினும், புதுப்பொறி வாங்க முதலில்லாத சிற்றாலைகட்கு அது சுமையாயிற்று. அடுத்து வந்தது கழிவுநீர்ச் சிக்கல். வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் தீர்ப்பளித்தது. வடஆர்க்காடு முதலிய ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையங்களை அமைத்தல் வேண்டும். அமைக்காதவை மூடப்படும் என்பது அதன் சாரம். அவ்வைந்தனுள் அன்றைய செங்கை மாவட்டமும் ஒன்றாதலின் பல்லாவரத்து ஆலைகளும் அத்தீர்ப்புக்கு உட்பட்டன.

இத்தீர்ப்பைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. கிணற்று நீரைக் கெடுத்த கழிவால் துன்புற்றோரும் அத்தொழிலாளர் குடும்பத்தினரே. நீரைக் காத்தால் வேலை போகும்; வேலையைக் காத்தால் நீர் போகும் என்னும் இருதலைக் கொள்ளியில் அவர்கள் நின்றனர். இவ்விரண்டனுள் ஒன்றையே தேரும் நிலைக்கு அவர்களைக் கொணர்ந்தோர் அவர்களல்லர் என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தல் கூடாது.

ஊர்தித் தொழில்

தாம்பரத்திற்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு கார்த் தொழிற்சாலை அமைந்தது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் துணையோடு 1948இல் தோன்றிய நிறுவனம் அது. ஹெரால்டு, கெசல் முதலிய கார்கள் அங்கிருந்தே வெளிவந்தன. 1983இன் இறுதியில் மாருதிக் கார் வந்தபின் போட்டி கடுமையாயிற்று. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் வெளியிடப்பெற்றது. எரிபொருள் மிகுதியாகக் குடித்த அக்காரை மக்கள் விரும்பிலர். 1988இல் கார் உற்பத்தி நின்றது. ஒரே ஆலையில் இருபது, முப்பது ஆண்டு உழைத்துத் தேர்ந்த கடைசல்காரரும் பற்றவைப்போரும் வேறிடம் தேடலாயினர்.

இனி மறைமலைநகர்க்கு வருவோம். 1990களின் பிற்பகுதியில் போர்டு நிறுவனத்தின் ஆலை அங்கு எழுந்தது. 1999இல் ஐகான் கார் வெளிவந்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்ற இளைஞர் பல மாவட்டங்களினின்றும் வந்தனர். தாம்பரம் முதல் செங்கற்பட்டு வரை வாடகை வீடுகள் பெருகின. தவணையில் வீடு வாங்கியோரும் உளர். 2021 செப்டம்பர் 9இல் அந்நிறுவனம், இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. குஜராத்தின் சனந்து ஆலையையும் சேர்த்து ஏறத்தாழ 4,000 பணியாளர் பாதிக்கப்படுவர் என அந்நிறுவனமே கூறிற்று. கார் விற்பனை முகவர் கூட்டமைப்போ, விற்பனை நிலையங்களில் மட்டும் 40,000 பேர் வேலை செய்வதைச் சுட்டிக் கவலை தெரிவித்தது. இழப்பீடு குறித்து 2022 கோடையில் மறைமலைநகர்த் தொழிலாளர் போராடினர். அவ்வாண்டு சூலையில் கடைசிக் கார் வெளியேறிற்று.

ஆஸ்திரேலிய ஒப்பீடு

இதே நிறுவனம் ஆஸ்திரேலியாவில் செய்தது ஈண்டு ஒப்பு நோக்கத்தக்கது. அந்நாட்டில் 1925இல் ஜீலாங் நகரில் தொழில் தொடங்கிய போர்டு, பின்னர் மெல்போர்னை அடுத்த பிராட்மெடோசில் பேராலை அமைத்தது. இத்தாலி, கிரீசு, யுகோசுலாவியா, துருக்கி முதலிய நாடுகளினின்று குடியேறியோரே அங்குப் பெரும்பான்மைத் தொழிலாளர். 1973இல் அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றது. அவ்வாலைகள் 2016 அக்டோபரில் மூடப்பெற்றன. மறு ஆண்டு அக்டோபரில் டொயோட்டா, ஹோல்டன் ஆலைகளும் மூடப்பெற்றன.

இரு நாட்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆலை மூடுவதை 2013 மே திங்களிலேயே அறிவித்தனர். வேறு தொழில் கற்க மூன்றாண்டுக்கு மேல் காலம் கிடைத்தது. மறைமலைநகரில் கிடைத்தது ஏறத்தாழப் பத்துத் திங்களே. ஆயினும், காலம் மிகுதியாகக் கிடைத்த அந்நாட்டிலும் ஆங்கிலம் நிரம்பாத நடுவயதுக் குடியேறிகட்குப் பழைய ஊதியத்தில் புதுவேலை எளிதாக அமையவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கும் இவ்வட்டாரத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் முதலிய இடங்களில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பல வாழ்ந்தன; இரயில்வேயும் தந்தியும் அவர்கள் மரபுத் தொழில். அரசியலமைப்பின் 336ஆம் விதி அப்பணிகளில் அவர்கட்கு அளித்த ஒதுக்கீடு, ஈராண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறைந்து, 1960இல் முடிந்தது. 1966இலும் 1973இலும் ஆஸ்திரேலியா தன் நிறவேற்றுமைக் குடியேற்றக் கொள்கையைத் தளர்த்திப் பின் நீக்கியபோது குடும்பம் குடும்பமாக அங்குச் சென்றோர் பலர். 1970களின் நடுவில் அந்நாட்டிலும் வேலையின்மை மிகுந்தது. ஓரிடத்தில் கதவு மூட, மற்றோரிடத்துக் கதவைத் தட்டியோர் அங்கும் காத்திருக்க நேர்ந்தது.

இழப்பு எவர்க்கு மிகுதி?

மேற்கண்ட நிகழ்ச்சிகளை ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். ஆலை மூடுகின்றபோது உள்ளூர்க் குடிக்கும் வந்த குடிக்கும் இழப்பு ஒத்ததன்று. உள்ளூரார்க்குச் சொந்த வீடுண்டு. நிலம் இருப்பின் அதன் விலையும் ஏறியிருக்கும். கடன் தர உறவினர் பக்கத்தில் உளர். வந்தவர்க்கோ, அடுத்த திங்கள் முதல் நாளே வாடகை நிற்கும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் வட்டியும் அவ்வூதியத்தையே நோக்கியவை. சொந்த ஊருக்குத் திரும்பின் படிப்பு தடைப்படும். திரும்பாவிடின் சேமிப்பு கரையும். உள்ளூர்க் கடைக்காரரும் வீட்டுக்காரரும் பின்னரே இழப்பை உணர்வர்; அதனை முன்னர்த் தாங்குபவர் வந்தவரே.

சட்டமும் அவர்களை முழுதும் காணவில்லை. ஆலையின் நேர்ப்பணியாளர் இழப்பீடு கோரிப் பேச இயன்றது. ஒப்பந்தக்காரர் வழி வந்தவர் அவ்வாலையின் பணியாளராகவே எண்ணப்படவில்லை. இடம்பெயர்ந்த தொழிலாளர்க்கென 1979இல் தனிச்சட்டம் வந்தது. அதுவும், அதன் இடத்தில் வைக்கப் பெற்ற 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டமும் மாநில எல்லை கடந்தோரையே இடம்பெயர்ந்தோர் எனக் கொள்கின்றன. ஒடிசாவினின்று பல்லாவரம் வந்தவர் அவ்வரையறையுள் அடங்குவர். திருவண்ணாமலையினின்றோ விழுப்புரத்தினின்றோ தாம்பரம் வந்தவர் அடங்கார். ஊர்விட்டு வந்த துயர் இருவர்க்கும் ஒன்றே.

முடிவுரை

மறைமலைநகர் ஆலையை மீண்டும் பயன்படுத்தும் விருப்பத்தைப் போர்டு நிறுவனம் 2024 செப்டம்பரில் தமிழக அரசுக்குத் தெரிவித்தது. 2025 அக்டோபரில் அங்கு எஞ்சின் செய்வதற்கான உடன்படிக்கையும் கையெழுத்தாயிற்று. இது மகிழத்தக்கதே. ஆனால், பஞ்சம் நீங்கியபின் பாண்டியன் ஆட்கள் கண்ட நிலை ஈண்டும் நேரலாம். கட்டடம் இருந்த இடத்தில் இருக்கும். மூன்றாண்டில் பிரிந்து சென்ற கைகள் அவ்வாறு இரா. ஒருவர் வாடகைக் கார் ஓட்டுவார். ஒருவர் வளைகுடா நாடு சென்றிருப்பார். ஒருவர் ஊர் திரும்பி வேறு கடமைகளில் சிக்கியிருப்பார். ஆகவே, ஒரு தொழில் மீள்வதை எண்ணிப் பார்க்கும் அரசு, முன்னர் அங்கு உழைத்தோர் பெயர்ப்பட்டியை முதலில் எடுத்தல் முறை. அப்பட்டியில் ஒப்பந்தத் தொழிலாளரையும் சேர்த்தல் அதனினும் முறை.

தமிழ்த்துறையினர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. தோல் பதனிடுவோரிடமும் கார் ஆலைத் தொழிலாளரிடமும் வழங்கிய தொழிற்சொற்கள் மிகப் பல. சுண்ணாம்புக் குழியின் நிலையை விரலாற் கண்டு கூறும் சொல்லும், பொறியின் ஒலிகேட்டுப் பழுதறிந்து கூறும் சொல்லும் அகராதியில் ஏறியன அல்ல. அவற்றை அறிந்தோர் பலர் முதுமை அடைந்துவிட்டனர். பலர் இவ்வட்டாரத்தை விட்டே சென்றுவிட்டனர். முதுகலை மாணவர் நாகல்கேணிக்கும் பெருங்களத்தூர்க்கும் சென்று, அவர்கள் வாய்மொழியாகத் தம் வரவையும் உழைப்பையும் பெயர்வையும் கூறக் கேட்டு எழுதுவாராயின், அது சொல்லாராய்ச்சிக்கும் வரலாற்றுக்கும் ஒருங்கே பயன்படும். முதலாளியின் கம்பெனிப் பெயர் ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்டது. அங்கு உழைத்தவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. தேடுவதற்கு ஆட்களை அனுப்பும் காலம் கடந்துவிடவில்லை என்றே யாம் நம்புகின்றோம்.