பல்கலைக்கழகம் மாறினால் ஜெர்சியும் மாறும்: மரக்காணம் மாணவர்களின் விளையாட்டு வாய்ப்பு என்ன ஆகும்?

மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து திண்டிவனம் அரசுக் கல்லூரிக்கு பஸ் ஏறும் ஒரு கபடி வீரர், எந்தப் பல்கலைக்கழகத்துக்காக ஆடுவார்? கேள்வி சாதாரணமாத்தான் தெரியும். பதில் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2002-க்கு முன்னால் சென்னைப் பல்கலைக்கழகம். அதற்குப் பிறகு வேலூரில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2021-ல் சில மாதங்கள், சட்டப்படி, விழுப்புரம் டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம். இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

ஊர் அதே ஊர், கல்லூரி அதே கல்லூரி, மைதானமும் அதேதான். மாறியது சட்டம். இந்த மாற்றம் டிகிரி சான்றிதழில் அச்சாகும் பெயரோடு முடிந்துவிடுவதில்லை. கல்லூரி வீரர்களின் வேலைவாய்ப்பு வரைக்கும் அது போகிறது.

என்ன நடந்தது?

திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-ல் உருவானபோது வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என 4 மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூரும் பிரிந்தன. அதே நிலப்பரப்பு 7 மாவட்டங்கள் ஆனது.

2021 பிப்ரவரியில் அப்போதைய அதிமுக அரசு, இந்தப் பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரித்து விழுப்புரத்தில் ஜெயலலிதா பெயரில் புதிய பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் கொண்டுவந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டக் கல்லூரிகள் அதற்குப் போகும் என்பது திட்டம். துணைவேந்தரும் நியமிக்கப்பட்டார். மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31-ல் திமுக அரசு அந்தப் பல்கலைக்கழகத்தை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அதிமுக உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறி, சென்னை வாலாஜா சாலையில் மறியல் செய்தார்கள். பிரிக்கும் சட்டம் வந்தபோது அமைச்சராக இருந்த சி.வி.சண்முகமும், இணைக்கும் சட்டம் வந்தபோது உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடியும் விழுப்புரம் மாவட்ட அரசியல்வாதிகள் என்பதால் சண்டைக்குச் சூடு அதிகம். பெயர் யாருடையது, பெருமை யாருக்கு என்றுதான் விவாதம் ஓடியது. விளையாட்டு வீரர்கள் அந்த விவாதத்தில் எங்கேயும் இல்லை.

முடிவில், திண்டிவனம் ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, கடலூர் பெரியார் கலைக் கல்லூரி, விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரி எல்லாம் சிதம்பரத்தின் கீழ் போயின. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சியது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய 4 மாவட்டங்கள். மரக்காணம் முதல் கிள்ளை வரை கடற்கரையை வைத்திருந்த பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இன்று கடலே கிடையாது.

சரி, இதுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம ஊரில் கல்லூரி விளையாட்டு நடப்பது பல்கலைக்கழகக் கணக்கில்தான். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் முதலில் தங்களுக்குள் மோதும். இதைத்தான் மாணவர்கள் ‘இன்டர் காலேஜ்’ என்கிறார்கள். அந்தப் போட்டிகளில் கண்ணில் படுபவர்களைத் தேர்வுக் குழு பொறுக்கி எடுத்துப் பல்கலைக்கழக அணியை அமைக்கும். அந்த அணி, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் தென் மண்டலப் போட்டிக்குப் போகும். தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா பல்கலைக்கழகங்கள் அங்கே மோதும். அதில் முன்னணியில் வருபவர்களுக்கு அகில இந்தியப் போட்டி. அதில் சாதித்தால் 2020-ல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள்.

இந்த ஏணியில் ஒரு விதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குழு விளையாட்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரே அணி. 30 கல்லூரி வைத்திருந்தாலும் ஒன்றுதான், 300 வைத்திருந்தாலும் ஒன்றுதான். கபடி என்றால் களத்தில் 7 பேர், வெளியே 5 பேர், மொத்தம் 12 இடம். பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தால் 12 என்பது 24 ஆகும். ஒன்றோடு ஒன்று இணைந்தால் அந்தக் கூடுதல் 12 காணாமல் போகும்.

ஜெயலலிதா பல்கலைக்கழகம் நிலைத்திருந்தால் 3 மாவட்டங்களுக்கு என்று தனி கபடி அணி, தனி வாலிபால் அணி, தனி பெண்கள் அணி எல்லாம் இருந்திருக்கும். அது சட்டப்படி உயிரோடு இருந்த காலத்தின் பெரும்பகுதி கொரோனா காலம். அந்தப் பெயரில் அணி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது.

அந்த 12 இடத்தில் என்ன இருக்கிறது?

வேலை. சுற்றி வளைக்காமல் சொன்னால் அதுதான்.

மத்திய அரசுத் துறைகளின் ‘சி’ பிரிவுப் பணிகளில் விளையாட்டு வீரர்களை நேரடியாக எடுக்க வழி இருக்கிறது. அதற்கான தகுதிப் பட்டியலில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர் என்பது தனியாகவே குறிப்பிடப்பட்டுள்ளது. தமிழ்நாடு அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. காவலர் தேர்வில் விளையாட்டு ஒதுக்கீடு 10 சதவீதம். பல்கலைக்கழகத்துக்காக ஆடிய சான்று அங்கேயும் கணக்கில் வரும்.

கல்லூரி அணிக்காக எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும் இந்தக் கதவு திறக்காது. பல்கலைக்கழக ஜெர்சி போட்டிருக்க வேண்டும். உப்பு வாரும் குடும்பத்திலோ மீனவக் குப்பத்திலோ இருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பையனுக்கும் பெண்ணுக்கும் அந்த ஒரு காகிதத்தின் விலை என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மரக்காணத்துக்கு லாபமா, நஷ்டமா?

தூரக் கணக்கில் பார்த்தால் லாபம் என்றே சொல்லலாம். மரக்காணத்திலிருந்து வேலூர் போவது ஒரு நாள் வேலை. திண்டிவனம், வந்தவாசி, ஆற்காடு என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும். சிதம்பரம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, புதுச்சேரி, கடலூர் தாண்டினால் வந்துவிடும். தூரமும் குறைவு.

போட்டிக் கணக்கில் கதை வேறு. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் தொடங்கியதிலிருந்து கல்லூரிகளை இணைத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது அல்ல. ஒரே வளாகத்தில் விடுதியோடு பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் அது. அதன் அணிகளும் அந்த வளாகத்து மாணவர்களிலிருந்தே வந்தன. உடற்கல்விக்கு என்றே அங்கே தனித் துறை இருக்கிறது. விளையாட்டையே படிப்பாக எடுத்தவர்கள், விடுதியில் தங்கி, கண் முன்னால் மைதானத்தை வைத்துக்கொண்டு காலை மாலை பயிற்சி எடுப்பவர்கள். அவர்களோடுதான் இப்போது திண்டிவனத்துக்கு பஸ்ஸில் வந்துபோகும் மாணவர் அதே 12 இடத்துக்கு மோத வேண்டும்.

முன்பு வேலூரின் கீழ் இருந்தபோது வீரர்கள் கூட்டம் பெரிதுதான். ஆனால் அதில் பெரும்பாலோர் இவரைப் போன்ற கல்லூரி மாணவர்கள். இப்போது கூட்டத்தின் தன்மையே வேறு. இதில் அண்ணாமலை வளாக மாணவர்கள் மீது தப்பு ஒன்றும் இல்லை. அவர்கள் பக்கமிருந்து பார்த்தால், இத்தனை வருடம் தங்களுக்கு மட்டும் என்றிருந்த அணிக்கு மாவட்டக் கணக்கில் ஆள் வந்து வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, பலர் கவனிக்காதது. மரக்காணத்தில் உப்பு உற்பத்தி, ஆண்டுத் தொடக்கத்தில் ஆரம்பித்து வடகிழக்குப் பருவமழை இறங்கும் வரை நடக்கும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் சூடுபிடிப்பது கல்வியாண்டின் முதல் பாதியில். அதாவது, விடுமுறை நாளில் வீட்டுக்கு ஒரு கை கூடுதலாகத் தேவைப்படும் மாதங்களில்தான் செலக்‌ஷனும் வருகிறது. தேர்வுப் போட்டி திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நடந்தால் காலையில் போய் இரவு திரும்பலாம். சிதம்பரத்தில் 3 நாள் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும், பெண்களுக்கு அதைவிட அதிகமாக. எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட, தேர்வு எந்த ஊரில் நடக்கிறது என்பதே இங்கே பெரிய விஷயம்.

சுருங்கிய திருவள்ளுவர் நிலை?

கைவிட்டுப் போன கல்லூரிகளோடு அவை கட்டிவந்த விளையாட்டுக் கட்டணமும் போகும். போட்டி நடத்துவது, பயிற்சி முகாம் போடுவது, வெளியூர் அனுப்புவது எல்லாமே அந்தப் பணத்தை நம்பியவை. அணி ஒன்றோ பத்தோ, கோழிக்கோட்டுக்கோ மங்களூருக்கோ டிக்கெட் விலை ஒன்றுதான்.

மறுபக்கம், மிஞ்சிய கல்லூரிகள் வலுவில்லாதவை அல்ல. வேலூர் ஊரீசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வாணியம்பாடியிலோ செய்யாறிலோ படிக்கும் ஒரு வீரருக்குப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைப்பது முன்பைவிட எளிது. அந்த அணி தென் மண்டலத்தில் எத்தனை சுற்று தாங்கும் என்பது தனிக் கேள்வி. கடலோரத்துப் பிள்ளைகள் போனது கபடிக்கும் வாலிபாலுக்கும் இழப்பு என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் நடந்தது

கல்லூரி விளையாட்டில் எல்லைக்கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ‘பேக்-12’. அமெரிக்காவின் மேற்குக் கரைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய இந்தக் கூட்டமைப்பின் வேர் 1915 வரை போகும். 2022-ல் லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் டிவி ஒளிபரப்புப் பணம் அதிகம் கிடைக்கும் வேறு கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டே மற்றவையும் கிளம்பின. 2024-ல் 12-ல் 10 போய், ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு மட்டும் மிஞ்சின. ஆள் சேர்த்துக்கொள்ள இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. வேறு கூட்டமைப்புகளிலிருந்து பல்கலைக்கழகங்களை இழுத்து 2026-ல் புதிதாகத் தொடங்குவது என்று ஏற்பாடு.

அங்கே பல்கலைக்கழகங்களே முடிவெடுத்துக் கிளம்பின. வீரர்களுக்கு வேறு அணிக்கு மாறும் வழியும் உண்டு. இங்கே முடிவு சட்டமன்றத்தில் எடுக்கப்பட்டது, கல்லூரியை யாரும் கேட்கவில்லை. சிதம்பரம் வேண்டாம், வேலூரே இருக்கட்டும் என்று சொல்ல திண்டிவனம் கல்லூரிக்கு வழியே கிடையாது.

ஒரே ஊர், எத்தனை ஜெர்சி?

மரக்காணத்தில் ஒன்றாகக் கபடி ஆடி வளர்ந்த நாலு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் திண்டிவனத்தில் பி.ஏ. சேர்ந்தால் அண்ணாமலை. இன்னொருவர் அதே திண்டிவனத்தில் பொறியியல் சேர்ந்தால் அண்ணா பல்கலைக்கழகம். மூன்றாமவர் விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி என்றால் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். நான்காமவர் தெற்கே புதுச்சேரியில் கலைக் கல்லூரி சேர்ந்தால் புதுவைப் பல்கலைக்கழகம். தென் மண்டலப் போட்டியில் நாலு பேரும் நாலு ஜெர்சியில் எதிரெதிரே நிற்கலாம். பாடம், கட்டணம், பஸ் வசதி பார்த்துத்தான் கல்லூரி எடுக்கிறோம். எந்த அணியில் இடம் கிடைக்கும் என்று பார்த்து எடுப்பவர் அபூர்வம்.

இனி என்ன?

எல்லைகள் நின்றபாடில்லை. 2007-ல் அரசு அண்ணா பல்கலைக்கழகத்தைப் பல துண்டாகப் பிரித்து, 2012-ல் மறுபடி ஒன்றாக்கியது. 2025 ஏப்ரலில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைப் பிரித்துக் கும்பகோணத்தில் கலைஞர் பல்கலைக்கழகம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார், தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றம் போனது. அது வந்தால் டெல்டாவுக்கு ஒரு கூடுதல் அணி கிடைக்கும். விழுப்புரத்துக்குக் கிடைக்காத அதே அணி.

பல்கலைக்கழகம் எதுவானாலும் பாதிக்காத கதவு ஒன்று இருக்கிறது. முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அது மாவட்டக் கணக்கு. மரக்காணத்துக்காரர் விழுப்புரம் மாவட்டத்துக்குள்தான் மோத வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் பல்கலைக்கழக அணிச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது முதலாம் ஆண்டு சேர்ந்திருப்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்று. பல்கலைக்கழகம் அனுப்பும் போட்டி அட்டவணை கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் கைக்குத்தான் வரும். செலக்‌ஷன் எந்தத் தேதி, எந்த ஊர் என்று கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். 10, 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் நகல்களும் போட்டோவும் கையில் இருக்கட்டும். தகுதிப் படிவத்தில் முதல்வர் கையெழுத்து இல்லாமல் அணியில் பெயர் ஏறாது.