சயாம் பாதையும் இதயம் காக்கும் கருவியும்

சயாம் மரண இரயில் பாதை என்றவுடன் கெடாத் தோட்டத் தமிழரின் நெஞ்சில் எழுவது இழப்பின் நினைவே. ஆயினும், அப்பாதையில் துன்புற்று உயிர் மீண்ட ஒருவரே, பிற்காலத்தில் இதயத் துடிப்பை மீட்கும் கருவியை மருத்துவமனைக்கு வெளியே கொண்டுவந்தார் என்பது பலரும் அறியாத வரலாறு.

அவர் பெயர் பிராங்க் பேன்ட்ரிஜ். வட அயர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சப்பானியரிடம் சிறைப்பட்டார். 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதையை அமைப்பதில் 60,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளும், அவர்களினும் மிகுதியான ஆசியத் தொழிலாளரும் வதைபட்டனர். ஆசை காட்டியும் அச்சுறுத்தியும் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். உயிர்ச்சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் பேன்ட்ரிஜின் இதயத்தைத் தாக்கியது. விடுதலைக்குப் பின் அவர் இதய ஆய்வில் ஈடுபட்டார்.

இதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து நடுங்கும்போது குருதியோட்டம் நின்றுவிடுகிறது. அந்நடுக்கத்தை மின்னதிர்ச்சியால் அடக்கினால் இயல்பான துடிப்பு மீளக்கூடும். 1947இல் அமெரிக்க மருத்துவர் கிளாட் பெக், மார்பைத் திறந்து இதயத்தின்மீதே மின்சாரம் செலுத்தி ஒரு சிறுவனைக் காத்தார். மார்பைத் திறவாமலே வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தும் முறையைப் பால் சோல் 1956இல் வெளியிட்டார். எனினும், கருவி மருத்துவமனையிலேயே இருந்தது. நோயாளரோ அங்கு வந்துசேருமுன் இறந்தனர். இக்குறையை உணர்ந்த பேன்ட்ரிஜ், 1965இல் பெல்பாஸ்ட் நகரில், மோட்டார் வண்டி மின்கலங்களால் இயங்கும் கருவியை உருவாக்கி, அவசர ஊர்தியில் பொருத்தினார். அதன் எடை ஏறத்தாழ 70 கிலோ. சில ஆண்டுகளில் அது மூன்று கிலோ அளவுக்குக் குறைந்தது.

இன்றைய தானியங்கிக் கருவி இதயத் துடிப்பைத் தானே ஆராய்கிறது. அதிர்ச்சி தேவையாயின் மட்டுமே செலுத்தச் சொல்கிறது. செய்யவேண்டியதைக் குரலாலேயே உணர்த்துவதால் மருத்துவர் அல்லாதாரும் அதனைக் கையாளலாம்.

திகாம் பத்து போன்ற சிற்றூர்களுக்கு இதன் பொருள் பெரிது. நோயாளர் சுங்கைப் பட்டாணி மருத்துவமனையை அடைய நேரமாகும். உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைக்கும். ஆகவே, ஒருவர் உணர்விழந்து, இயல்பாக மூச்சுவிடாது விழுந்துகிடப்பின் 999ஐ அழைத்தல் வேண்டும். மார்பின் நடுவே நிமிடத்திற்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்துதல் வேண்டும். கருவி வந்ததும், அதன் ஒட்டுகளை வெற்று மார்பில் பொருத்தி, அதிர்ச்சி செலுத்தும்போது எவரும் தொடாது விலகி நிற்றல் வேண்டும்.

கருவி இருந்தும் கை அறியாவிடின் பயனில்லை. சயாம் பாதையின் துயரை வகுப்பில் கற்பிக்கும் பள்ளி, அங்கிருந்து மீண்டவர் தந்த இப்பயனையும் மாணவர் கைகளுக்குப் பழக்குமாயின், அடுத்த வீட்டில் விழும் உயிரொன்று எழக்கூடும்.