மத்தியதரைக் கடலில் ஒரு பேத்தை: ‘முதல் பதிவு’ உருவான கதை

மத்தியதரைக் கடலுக்கு லகோசெபாலஸ் ஸ்கெலராட்டஸ் என்னும் பேத்தை மீன் எப்போது வந்தது என்று கேட்டால், 2003 என்று கையேடுகள் சொல்லும். துருக்கியின் தென்மேற்கில் கோகோவா வளைகுடாவில் அந்த ஆண்டு பிடிபட்ட ஒற்றை மீனை வைத்து அக்யோல் குழுவினர் 2005இல் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். ‘உறுதிசெய்யப்பட்ட முதல் பதிவு’ என்றுதான் அதற்குத் தலைப்பு வைத்தார்கள். ‘முதல் பதிவு’ என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாதபடி ஒரு பழைய குழப்பம் குறுக்கே நின்றது. பதிவேட்டில் இருக்கும் ஆண்டு மீன் வந்த ஆண்டு அல்ல, அதைச் சரியாக அடையாளம் கண்ட ஆண்டு. இந்தப் பேத்தையின் வரலாறு அதற்கு நல்ல சான்று.

இந்த இனம் அறிவியலுக்கு அறிமுகமானதே ஒரு விபத்தால். 1774 செப்டம்பரில் ஜேம்ஸ் குக்கின் ‘ரெசல்யூஷன்’ கப்பல் நியூ கலிடோனியாவில் நங்கூரமிட்டிருந்தது. தீவுவாசி ஒருவரிடம் வாங்கிய புதுவகை மீன் ஒன்று இரவு உணவுக்கு வந்தது. உடனிருந்த இயற்கையியலாளர்கள், ஃபோர்ஸ்டர் தந்தையும் மகனும். அதை வரைந்து விவரம் எழுதி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டதால், ஈரலையும் சினையையும் மட்டும் சமைத்தார்கள். மூவரும் கொஞ்சம்தான் சுவைத்தார்கள். விடியற்காலையில் கைகால் மரத்துப்போனது. தண்ணீர் நிறைந்த குவளைக்கும் இறகுக்கும் எடை வித்தியாசம் தெரியவில்லை என்று குக் எழுதியிருக்கிறார். குடலைத் தின்ற பன்றி செத்தது. மறுநாள் கப்பலுக்கு வந்த தீவுவாசிகள் தொங்கிக்கொண்டிருந்த மீனைப் பார்த்ததும், அது உண்ணத் தகாதது என்று சைகையால் உணர்த்தினார்கள். அவர்களுக்கு அது புது மீனே அல்ல. ஃபோர்ஸ்டரின் குறிப்புகளைக் கொண்டு 1789இல் க்மெலின் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்.

அடுத்த கட்டம் சூயஸ். 1869இல் கால்வாய் திறந்தபோது செங்கடலும் மத்தியதரைக் கடலும் இணைந்தன. ஆனால் வழியிலிருந்த கசப்பு ஏரிகளின் அடித்தட்டில் படிந்திருந்த உப்பு கரைந்து நீரை மிகையாக உவர்ப்பாக்கியதால், மீன்களுக்கு அது நெடுங்காலம் தடையாக இருந்தது. அந்த உப்பு மெல்லக் கரைந்து தீர்ந்தது. அஸ்வான் அணை நைல் வெள்ளத்தை நிறுத்திய பிறகு, கால்வாயின் வடக்கு வாயிலை ஒட்டிய கடலில் நன்னீர் கலப்பும் குறைந்தது. இந்தோ-பசிபிக் மீன்கள் ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் ஏறின.

இங்கேதான் சிக்கல். செங்கடலில் லகோசெபாலஸ் பேரினத்தில் பல இனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான லகோசெபாலஸ் சூயசென்சிஸ் என்பதை யூஜினி கிளார்க்கும் கோஹரும் 1953இல்தான் விவரித்தார்கள். இதற்கும் ஸ்கெலராட்டஸுக்கும் விலாவில் வெள்ளிப் பட்டை, முதுகில் புள்ளிகள். சூயசென்சிஸ் ஏறக்குறைய ஒரு சாணோடு நின்றுவிடும். ஸ்கெலராட்டஸ் ஒரு மீட்டர் வரை வளரும். ஆனால் வலையில் வருவது குஞ்சு என்றால் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புள்ளிகளைப் பார்க்க வேண்டும்: ஸ்கெலராட்டஸில் அவை ஏறத்தாழ ஒரே அளவில், தெளிவாக இருக்கும், மற்றதில் ஒழுங்கற்ற திட்டுகளாக இருக்கும். 1977இல் லெபனான் கரையிலிருந்து ‘ஸ்கெலராட்டஸ்’ என்று பதிவான மீன் உண்மையில் சூயசென்சிஸ் என்று பின்னர் முடிவானது. இதில் பதிவு செய்தவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல மாதிரி கையில் இல்லாதபோது, தெரிந்த பழைய பெயரைச் சூட்டுவதே வழக்கம்.

2003க்குப் பிறகு நடந்தது வேகமானது. 2004இல் இஸ்ரேல் கரையில், 2005இல் கிரீட், ரோட்ஸ் தீவுகளில், 2013இல் இத்தாலியின் லாம்பெடூசாவில் மீன் பதிவானது. வரிசையைக் கவனிக்க வேண்டும். கால்வாய் வாயிலுக்கு அருகிலுள்ள இஸ்ரேலில் அல்லாமல், தொலைவில் ஈஜியன் கடலை ஒட்டிய கோகோவாவில்தான் முதலில் பதிவானது. மீன் அப்படித் தாவியது என்று நம்புவதைவிட, நடுவிலிருந்த கரைகளில் கவனிக்கப்படாமல் போனது, அல்லது வேறு பெயரில் கணக்கானது என்று கொள்வதே பொருத்தம். பதிவுகளை ஆண்டு வாரியாக வரைபடத்தில் அடுக்கி அதையே மீன் பரவிய பாதை என்று காட்டும் வழக்கத்தை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

பெயர் பிழையானால் வயிற்றுக்கும் ஆபத்து. இஸ்ரேலில் 2005 முதல் 2008 வரை இந்தப் பேத்தையை உண்ட 13 பேர் டெட்ரோடோடாக்சின் நஞ்சால் பாதிக்கப்பட்டதாக ஆய்விதழ் ஒன்று பதிவு செய்தது, எல்லோரும் பிழைத்தார்கள். பேத்தையைக் கண்டால் ஒதுக்கும் பழக்கம் நம் கரைகளில் தலைமுறை தலைமுறையாக வந்தது. கிழக்கு மத்தியதரைக் கரைக்கு இந்த மீன் புதிது என்பதால் அந்த எச்சரிக்கை அங்கே ஊறியிருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியச் சந்தைகளில் பேத்தைக் குடும்பமே தடைசெய்யப்பட்டது. மீனவர்களுக்கோ வேறு இழப்பு: அலகு போல இணைந்த பற்களால் அது வலையைக் கடித்தறுக்கிறது, ஆயிரங்கால் தூண்டிலில் தூண்டிமுள்ளோடு நரம்பையும் துண்டித்துவிடுகிறது.

2020 இறுதியில் துருக்கி அரசு, இந்த மீனின் வாலைக் கொண்டுவருவோருக்கு ஒரு வாலுக்கு 5 லிரா என்று அறிவித்தது. ஒற்றை மீனைக் கொண்டு இனத்தை உறுதிசெய்த அதே நாட்டில், இப்போது வெட்டிய வால்களைப் பார்த்து இனத்தைச் சொல்ல வேண்டிய வேலை கரையிலுள்ள எண்ணிக்கைப் பணியாளரிடம் வந்திருக்கிறது.