அடுக்களையில் கண்ட அமைதி

லூக்கா எழுதிய நற்செய்தியில் இரு சகோதரிகளைப் பற்றிய சிறு வரலாறு ஒன்று வருகிறது. வீட்டிற்கு வந்த இயேசுநாதரின் பாதத்தருகே அமர்ந்து மரியாள் அவருடைய சொற்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மார்த்தாளோ விருந்து வேலைகளில் அலைமோதுகிறாள். தன்னைத் தனியே உழைக்க விட்டுவிட்டாளே என்று சகோதரியின்மேல் முறையிடவும் செய்கிறாள். மரியாள் தேர்ந்த பங்கே நல்ல பங்கு என்பது பெருமான் அளித்த விடை. இந்த விடையைக் கொண்டு ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகம் பன்னூறாண்டுகள் ஒரு முடிவு கட்டி வைத்திருந்தது. தியானம் உயர்ந்தது, அடுப்பங்கரை தாழ்ந்தது; ஆன்மா இளைப்பாற வேண்டுமாயின் வேலையை விட்டு விலகி வர வேண்டும் என்பதே அம்முடிவு.

மாற்றுக் குரல்கள் எழாமல் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த மடத்து ஒழுங்கு, மடத்தின் தட்டுமுட்டுச் சாமான்களையும் பலிபீடப் பாத்திரங்களைப் போலவே பேண வேண்டும் என்று விதித்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா தெரேசா அம்மையார், இறைவன் பானை சட்டிகளுக்கு நடுவிலும் உலவுகிறான் என்று தம் கன்னியர்க்கு நினைவூட்டினார். ஆயினும் அம்மையார் எழுதியதை முழுவதும் வாழ்ந்து காட்ட, அவருடைய சபையிலேயே ஒரு சமையற்காரர் தோன்ற வேண்டியிருந்தது.

அவருடைய இயற்பெயர் நிக்கோலாஸ் ஹெர்மன். லொரேன் நாட்டில் லூனவில் நகரை அடுத்த ஒரு சிற்றூரில், 1614ஆம் ஆண்டையொட்டி, எளிய குடும்பமொன்றில் பிறந்தார். அவர் நான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1618இல், முப்பதாண்டுப் போர் மூண்டது. படைகள் மாறி மாறி நடந்து லொரேன் நாட்டைச் சூறையாடின. அண்மையிலிருந்த நான்சி நகரத்து ஓவியர் ஜாக் கலோ, போரின் கொடுமைகளைப் பதினெட்டுச் செப்புத்தகட்டுச் சித்திரங்களாகச் செதுக்கி 1633இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில் ஒரு பெருமரம் நிற்கிறது. அதன் கிளைதோறும் தூக்கிலிடப்பட்ட மனிதர்கள் தொங்குகிறார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில் பதினெட்டு வயது நிக்கோலாஸ் கண்டதும் ஒரு மரந்தான். குளிர்காலம்; இலையெல்லாம் உதிர்ந்து மொட்டையாக நின்றது. இன்னும் சில நாளில் இம்மரம் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தில் இறைவனுடைய ஆற்றலும் பராமரிப்பும் அவர் நெஞ்சில் பதிந்தன. பின்னர் அவை அகலவேயில்லை. காட்சியோ, அசரீரியோ, அற்புதமோ ஒன்றுமில்லை. பனிக்காலந்தோறும் அந்நாட்டார் யாவரும் காணும் பட்ட மரம், அவ்வளவே. அக்காலத்து லொரேனில் மரம் என்றால் மக்களுக்கு வேறு எது நினைவுக்கு வந்திருக்கும் என்பதைக் கலோவின் சித்திரம் சொல்லும்.

இந்த அனுபவத்திற்குப் பிறகும் அவர் சிப்பாயாகவே இருந்தார். ஜெர்மானியப் படையினர் அவரைப் பிடித்து, ஒற்றன் என ஐயுற்று, தூக்கிலிடுவதாக அச்சுறுத்தினர். 1635இல் ராம்பர்வில்லர் என்னுமிடத்தில் காயமுற்றார். பிற்காலம் முழுவதும் அவர் கால் ஊனமாகவே இருந்தது. பின்பு ஒரு செல்வர் வீட்டில் ஏவலாளாக அமர்ந்தார். எதைத் தொட்டாலும் உடைத்துவிடும் முரட்டுக் கை தமக்கு என்று அவரே சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிஸ் மாநகரின் வோஜிரார் வீதியிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாமல், உடலுழைப்பிற்கென்றே ஏற்றுக்கொள்ளப்படும் சகோதரர் நிலை அது. ‘உயிர்த்தெழுதலின் லாரன்ஸ்’ என்பது அவர் பூண்ட துறவுப் பெயர். அவருக்குக் கிடைத்த இடம் அடுக்களை.

வரலாறு பயிலும் மாணவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். லாரன்ஸ் அடுக்களையை விரும்பிச் சென்றவரல்லர். சமையல் அவருக்கு இயல்பாகவே வெறுப்பான வேலை. மடத்தில் தம் தவறுகளுக்கெல்லாம் தண்டனை கிடைக்கும் என்று நம்பி வந்ததாகவும், மனநிறைவைத் தந்து இறைவன் தம்மை ஏமாற்றிவிட்டான் என்றும் வேடிக்கையாகச் சொல்வாராம். ஆனால் அவருடைய கடிதமொன்று வேறு கதை சொல்கிறது. முதற் பத்தாண்டுகள் அவர் பெரிதும் துன்புற்றார். பழைய பாவங்களின் நினைவு வாட்டியது. பலமுறை விழுந்தார், எழுந்தார். இத்துன்பம் சாகும்வரை நீங்காது போலும் என்று துணிந்து அதற்கும் இசைந்த பிறகே, எதிர்பாராத நேரத்தில், உள்ளம் அமைதியுற்றது. வேடிக்கைப் பேச்சைக் காட்டிலும் இக்கடிதத்தையே நான் மிகுதியும் நம்புகிறேன்.

அவர் கைக்கொண்ட முறை மிக எளியது. இறைவன் தம்மருகே இருக்கிறான் என்று எண்ணி, செய்யும் வேலைக்கு நடுவே அவனோடு பேசுவார். மனம் சிதறினால் தம்மையே வைது வருந்தாமல், குற்றத்தை ஒப்புக்கொண்டு அமைதியாகத் திரும்புவார். சட்டியில் முட்டையைப் புரட்டிப் போடுவதும் இறைவன்மேல் வைத்த அன்பினால். தரையில் கிடக்கும் துரும்பை எடுப்பதும் அவ்வன்பினால். பலர் ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்டுக் கூச்சலிடும் அடுக்களை ஆரவாரத்திலும், நற்கருணையின் முன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கிருந்தது என்றார். மடத்திற்குத் திராட்சமது வாங்கிவர அவரைப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். கொடுக்கல் வாங்கலில் திறமையில்லை. ஓடத்திலோ ஊனக்காலோடு மதுப்பீப்பாய்களின் மேல் உருண்டுதான் நகர முடியும். இது உன் காரியம் என்று இறைவனிடம் சொல்லிவிட்டுப் போனார். காரியம் நன்றாகவே முடிந்ததாம். பதினைந்து ஆண்டு அடுக்களைப் பணிக்குப் பின் காலணி தைக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார். அது அவருக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் அதை விடவும் அவர் ஆயத்தமாயிருந்தார்.

பின்னாளில் கர்தினால் நோவாயின் முதன்மைக் குருவாக விளங்கிய ஜோசப் தெ போஃபோர், 1666 ஆகஸ்டு 3ஆம் நாள் அவரைக் காணச் சென்றார். உண்மையாகவே இறைவனைத் தேடுவதாயின் எத்தனை முறையேனும் வரலாம், அன்றேல் இனி வரவேண்டாம் என்பது அந்தச் சமையற்காரர் விதித்த நிபந்தனை! போஃபோர் மீண்டும் சென்றார். கேட்டவற்றைக் குறித்து வைத்தார். 1691 பிப்ரவரி 12இல் லாரன்ஸ் இறந்தபின், அவருடைய குறிப்புகளும் கடிதங்களும் உரையாடல்களும் 1692, 1694ஆம் ஆண்டுகளில் போஃபோரின் முயற்சியால் அச்சேறின.

காலம் ஏற்றதாயில்லை. உள்ளத்து அமைதியைப் பேசியவர்கள்மேல் திருச்சபைக்கு ஐயம் பிறந்திருந்த காலம் அது. முயற்சியைக் கைவிட்டுச் சும்மா இருப்பதே சமயம் என்று போதித்ததாக மொலினோஸ் என்னும் குரு 1687இல் கண்டிக்கப்பட்டார். லாரன்ஸை நோய்ப்படுக்கையில் கண்டு பேசியவரும், தம் வழக்கில் அவரைச் சான்று காட்டியவருமான பேராயர் ஃபெனலோனின் நூலும் 1699இல் கண்டனத்திற்குள்ளாயிற்று. அந்த நிழல் சமையற்காரரின் சிறு நூல்மீதும் விழுந்தது. பதினைந்து ஆண்டுகள் அடுப்பின்முன் நின்றவரைச் ‘சும்மா இருந்தவர்’ கூட்டத்தில் சேர்ப்பது எவ்வளவு விந்தை! பிரான்சின் கத்தோலிக்கரிடையே அந்நூல் ஏறத்தாழ மறக்கப்பட்டது.

அதைக் காத்தவர்கள் மறுதரப்பார். சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த பியேர் புவாரே அதை மறுபடி பதிப்பித்தார். ஆங்கில மொழிபெயர்ப்பும் தோன்றியது. ஜான் வெஸ்லி தாம் 1749 முதல் வெளியிட்ட கிறிஸ்தவ நூல் வரிசையில் அதன் பகுதிகளைச் சேர்த்தார். எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்து இருநூறாண்டுகள் கழிந்திருந்த இங்கிலாந்தில், கார்மேல் துறவி எவரையும் கண்டிராத மக்கள், அச்சபையின் அடுக்களையில் நின்ற ஒரு நொண்டிச் சிப்பாயின் பேச்சைத் தங்கள் மொழியில் படித்தார்கள்.