கடற்கோட்டை: சிறையும் விடுதியும்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே, யாழ்ப்பாணப் பரவைக்கடலின் வாயிலில், சிறு திட்டொன்றின்மேல் நிற்கிறது கடற்கோட்டை. ஒல்லாந்தர் இதற்கு ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கைத் தீவு அவர்கள் கண்ணுக்கு உப்பிட்ட பன்றித்தொடைபோலத் தோன்றிற்றாம். இக்கோட்டை அத்தொடையின் குதிப்பக்கமாம். பிறர் நாட்டை உண்ணும் பண்டமாகக் கண்டவர்களின் மனத்தை அப்பெயரே காட்டிவிடுகிறது.

உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்தபின், இலங்கைக் கடற்படை இதனைப் பயணிகள் தங்கும் விடுதியாக்கியது. வசதியுள்ளோர் படகேறிச் சென்று, பழைய மதில்களுக்குள் இராத்தங்கித் திரும்பலாயினர். பழைமையைக் காணும் ஆசை குற்றமன்று. ஆனால் அங்கே தலைசாய்ப்போர் எந்த வரலாற்றின்மீது உறங்குகின்றனர் என்பதை நாம் கேட்டேயாக வேண்டும்.

1619இல் சங்கிலி குமாரனை வென்று யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர், கடல்வழியைக் காப்பதற்கு இக்கோட்டையைக் கட்டினர். காக்க வேண்டிய செல்வம் இருந்தது. வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் ஊர்காவற்றுறையிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறின. 1658இல் ஒல்லாந்தர் இக்கோட்டையை முற்றுகையிட்டனர். உப்புநீர் சூழ்ந்த மதிலுக்குள் குடிநீர் அற்றுப்போகவே, உள்ளிருந்தோர் சரணடைந்தனர். சில கிழமைத் தாகம் ஒரு கோட்டையின் கதையை முடித்தது என்று ஏடுகள் எழுதிவைத்தன. நல்ல நீருக்காகத் தலைமுறை தலைமுறையாகக் குடஞ்சுமந்த தீவகப் பெண்களின் தாகத்தை எந்தத் தளபதி எழுதினான்?

கொடிகள் மாறின, சுமை மாறவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில், ஊழியத்துக்கு உட்பட்ட குடிமகன் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. 1707இல் அவர்கள் தொகுப்பித்த தேசவழமை, அடிமைகளையும் உடைமையாகக் கருதி விதி வகுத்தது. அந்நிய அதிகாரியும் உள்ளூர் நிலவுடைமையாளனும் இவ்விடத்தில் கைகோத்து நின்றதைக் காண்கிறோம். முருகைக் கல்லைச் சுமந்த தோள்கள் யாருடையவை என்பதை இதன்பின் விளக்க வேண்டியதில்லை.

எனினும் மக்கள் தம் வரலாற்றை மறந்துவிடவில்லை. ஒல்லாந்தரிடம் பணியாற்றி, பொய்க் குற்றச்சாட்டுக்குப் பலியானவனென நம்பப்படும் பூதத்தம்பியின் கதையைக் கூத்தாக ஆடினர். இக்கோட்டைக்கும் அவன் பெயரைச் சூட்டினர். ஏட்டில் ஹம்மன்ஹீல், ஊரார் நாவிலோ பூதத்தம்பி கோட்டை.

ஒல்லாந்தர் இதனைச் சிறையாக்கினர். 1795இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஆங்கிலேயரும் அவ்வாறே செய்தனர். பின்னர் தொற்றுநோயாளரையும் இங்கு ஒதுக்கிவைத்தனர். 1948இல் நாடு விடுதலை பெற்றது. சிறைக்கதவு விடுதலை பெறவில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது கைதான சிங்கள இளைஞர்களிற் சிலர் இங்கே அடைக்கப்பட்டனர். வேலையற்ற, படித்த தென்னிலங்கை இளைஞன் வடகடலின் கல்லறையொன்றுக்குள் கிடந்தான். கரையில் நின்ற தமிழ் இளைஞனுக்கும் பின்னாளிற் சிறைகள் காத்திருந்தன. இவ்விருவரின் துயரையும் ஒருங்கே எண்ணிப்பார்க்க இதனினும் பொருத்தமான இடம் உண்டோ?

தென்னாபிரிக்காவின் ரொபன் தீவை நோக்குவோம். அதே ஒல்லாந்தக் கம்பனி அதனையும் சிறையாக்கியது. ஆங்கிலேயர் தொழுநோயாளரை அங்கே ஒதுக்கினர். நிறவெறி அரசு நெல்சன் மண்டேலாவைப் பதினெட்டு ஆண்டுகள் பூட்டிவைத்தது. 1997இல் அது அரும்பொருட்காட்சியகமாயிற்று. முன்னாட் கைதிகளே வழிகாட்டிகளாக நின்று தம் கதையைச் சொன்னார்கள். அந்தமான் சிறையும் 1979இல் தேசிய நினைவுச்சின்னமாயிற்று. சிறையை மக்களின் பள்ளியாக்குதல் இயலும் என்பதற்கு இவை சான்று.

கடற்கோட்டையை இடித்துவிடுமாறு நாம் கூறவில்லை. அங்கு அடுப்பெரிவதும் விருந்தினர் உண்பதும் நமக்குப் பகையன்று. பணம் படைத்தோர் நுழையும் வாயிலால், காரைநகர், ஊர்காவற்றுறைப் பிள்ளைகளும் தடையின்றி நுழைய வேண்டும். ஊழியம் செய்தோர், நோயாளர், கைதிகள் ஆகியோரின் கதை மும்மொழியிலும் அம்மதில்களில் எழுதப்பட வேண்டும். அதுவரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. காரைநகர்க் கரையிலிருந்து பார்த்தாலே கோட்டை தெரியும். மாணவரை அங்கே நிறுத்தி, அக்கல்லைச் சுமந்தவன் யார் என்ற கேள்வியிலிருந்து அன்றைய பாடத்தைத் தொடங்கலாம்.