சேர்ந்து வாசித்தல்: காஞ்சியின் கோஷ்டியும் அன்பியத்தின் ஏழு படிகளும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டுச்சேலையும் கோயில் கோபுரமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு அடையாளம் உண்டு. இது படிக்கிறவர்களின் ஊர். அதுவும் தனியாக மூலையில் உட்கார்ந்து படிப்பவர்கள் அல்ல, கூட்டமாகச் சேர்ந்து படிப்பவர்கள்.

கர்நாடகத்தில் உள்ள தாளகுண்டா கல்வெட்டு ஒரு கதை சொல்கிறது. கடம்ப வம்சத்தைத் தொடங்கிய மயூரசர்மன், அரசனாவதற்கு முன்னால் தன் குரு வீரசர்மனோடு காஞ்சிக்கு வந்தான். எதற்கு? இங்கிருந்த கடிகையில் வேதம் படிக்க. இது 4ஆம் நூற்றாண்டுச் செய்தி. 7ஆம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதி வைத்தார். எண்ணிக்கையில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், விட்டுவிடுவோம். ஊருக்கு வெளியே திருப்பருத்திக்குன்றத்தில் சமணர்களின் ஜினகாஞ்சி. ஊருக்கு உள்ளே குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் பாடி அரங்கேற்றினார் என்பது மரபு.

இந்த வாசிப்புகளில் இன்றும் கண்ணால் பார்க்கக் கூடியது வரதராஜப் பெருமாள் கோயில் கோஷ்டி. பெருமாள் புறப்பாட்டில் முன்னால் திவ்யப் பிரபந்த கோஷ்டி, பின்னால் வேதபாராயண கோஷ்டி. தமிழ் முன்னே போக, பெருமாள் பின்னே வர, வடமொழி அவருக்கும் பின்னே. இந்தக் காட்சியின் அழகை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் இதே கோஷ்டியில்தான் வடகலை, தென்கலைச் சண்டையும் நடந்தது. எந்த ஆசாரியரை வாழ்த்தித் தொடங்குவது, மணவாள மாமுனிகளையா வேதாந்த தேசிகரையா, முன்வரிசையில் யார் நிற்பது என்ற வழக்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே நீதிமன்றம் ஏறியது. இந்த நூற்றாண்டிலும் அது ஓயவில்லை. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றும். உண்மையில் கேள்வி பெரியது: புனித நூலைச் சத்தமாக வாசிக்கும் உரிமை யாருக்கு?

இதே கேள்வி தமிழ்க் கிறிஸ்தவர்களிடமும் வந்தது, வேறு வடிவத்தில்.

கிராமத்துப் பக்கம் கிறிஸ்தவர்களை "வேதக்காரங்க" என்று சொல்வார்கள். வேதப் புத்தகம் வைத்திருப்பவர்கள் என்று பொருள். சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அங்கேயே அச்சானது. சீர்திருத்தச் சபையினர் வீட்டில் பைபிள் வாசிக்கும் வழக்கத்துக்கு அதுவே தொடக்கம். கத்தோலிக்கர் கதை வேறு. அவர்கள் தரங்கம்பாடிக்கு முன்பே இங்கே வந்தவர்கள். ஆனால் அவர்களுடைய பூசை 1960களின் நடுப்பகுதி வரை இலத்தீனில் நடந்தது. ஒரு சாதாரணக் கத்தோலிக்கக் குடும்பத்துக்கு விவிலியம் தெரிந்தது சாமியாரின் பிரசங்கம் வழியாக, பாஸ்கா நாடகம் வழியாக, செபமாலையின் தேவ இரகசியங்கள் வழியாக. புத்தகத்தைத் திறந்து தானே வாசிப்பது வழக்கத்தில் அதிகம் இல்லை.

காஞ்சிக்குப் புத்தகம் வந்த வழி பள்ளிக்கூடம். ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அவருடைய மிஷன் காஞ்சியிலும் பள்ளி நடத்தியது. அவர் பெயரில் ஒரு பள்ளி இன்றும் காஞ்சியில் இருக்கிறது. (அண்ணா படித்தது இதில் அல்ல, பச்சையப்பனில்.) மிஷன் பள்ளிகளில் பைபிள் ஒரு பாடம். கேள்வி உண்டு, பதில் உண்டு. இந்துப் பையன்களும் உட்கார்ந்து படித்தார்கள். அது சேர்ந்து வாசித்தல்தான், ஆனால் தியானம் என்று சொல்ல முடியாது. தேர்வுக்குப் படிக்கிற எதையும் யாரும் தியானித்துப் படித்ததாக வரலாறு இல்லை!

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் ஒரு விசித்திரம். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனரி பீட்டர் பெர்சிவல் பைபிளைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணையாக இருந்தவர் ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. அதே நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். மிஷனரிகளிடம் பார்த்த பிரசங்க முறையை அவர்களுக்கு எதிராகவே திருப்பினார். காஞ்சியில் பிறந்த கந்தபுராணம் யாழ்ப்பாணத்துக் கோயில்களில் "புராண படனம்" என்ற பெயரில் வாழ்கிறது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், இன்னொருவர் பயன் சொல்வார், ஊர் கேட்கும். இந்த "பயன் சொல்பவர்" என்ற ஆளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவிலும் தியான வாசிப்பு பழைய விஷயம்தான். 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தன் துறவிகளின் அன்றாட வேலைகளில் அதையும் ஒன்றாக வைத்தார். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற கார்த்தூசியத் துறவி அதை ஓர் ஏணியாக வரைந்தார். அதில் நான்கு படிகள்: வாசித்தல், அசைபோடுதல், வேண்டுதல், சும்மா இருத்தல். மாடு மேய்ந்ததைப் பின்னால் அசைபோடுவதுபோல ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப மெல்ல வேண்டும் என்பது அந்தத் துறவிகளுக்குப் பிடித்த உவமை. ஆனால் எல்லாம் மடத்துச் சுவருக்குள். குடும்பஸ்தனுக்கு அது எட்டவில்லை.

சுவர் திறந்தது 1965 நவம்பர் 18 அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. பொதுநிலையினர் உட்பட எல்லோரும் வேதத்தை வாசிக்க வேண்டும், அதற்கு வழி செய்ய வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. 1980இல் இருந்து மிலான் பேராயர் மார்த்தீனி தன் பேராலயத்தில் இளைஞர்களைக் கூட்டி இந்த வாசிப்பைச் சொல்லிக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தமிழ்நாட்டில் குளித்தலை அருகே 1950இல் மோன்ஷனேனும் லெ சோவும் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமத்தில், பீட் கிரிஃபித்ஸ் காலத்தில், தினசரிச் செபத்தில் விவிலியத்தோடு உபநிடதமும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் வாசிக்கப்பட்டன. சாந்திவனத்தைப் பற்றி ஏராளமான புத்தகங்கள் உண்டு. ஆனால் நெசவாளர் தெருவுக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் இந்த வாசிப்பைக் கொண்டுவந்தது ஆசிரமம் அல்ல. அது வந்தது தென்னாப்பிரிக்காவில் இருந்து!

அங்கே லும்கோ என்ற பயிற்சி நிலையத்தில் ஒஸ்வால்டு ஹிர்மர், ஃபிரிட்ஸ் லோபிங்கர் என்ற இரண்டு ஜெர்மன் குருக்கள் வேலை செய்தார்கள். அங்கே குருக்கள் குறைவு, கிராமங்கள் அதிகம். பூசைக்கு ஆள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் தாங்களே கூடி என்ன செய்வது? அதற்காக உருவானதுதான் "ஏழு படி" நற்செய்திப் பகிர்வு. முதலில் ஆண்டவரை அழைத்தல். இரண்டாவது, பகுதியை வாசித்தல். மூன்றாவது, மனதில் பட்ட சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்லுதல், நடுநடுவே சற்று இடைவெளி விட்டு. நான்காவது, சில நிமிட மௌனம். ஐந்தாவது, எந்தச் சொல் தன்னைத் தொட்டது என்று பகிர்தல். ஆறாவது, தெருவில் செய்ய வேண்டிய காரியம் என்ன என்று பேசுதல். ஏழாவது, செபம்.

குய்கோவின் ஏணியும் இதுவும் உறவுக்காரர்கள் என்பது பார்த்த உடனே தெரியும். புதியவை ஐந்தும் ஆறும். தனித் துறவிக்குப் பகிர்வும் தேவையில்லை, தெருவும் கிடையாது.

1990இல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்கள், திருச்சபை என்பது சிறு சமூகங்களின் கூட்டுறவாக மாற வேண்டும் என்றார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சிறு சமூகத்துக்கு "அன்பியம்" என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சில சேர்ந்தால் ஓர் அன்பியம். சுற்று முறையில் ஒவ்வொரு வீட்டிலும் கூட்டம். 2002இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தில் இருந்து பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தில்தான் காஞ்சிபுரம் இருக்கிறது. அங்கேயும் இதே ஏற்பாடுதான்.

இதில் உண்மையாகவே புதியது எது? முன்னே சொன்ன "பயன் சொல்பவர்" இங்கே இல்லை. ஐந்தாம் படியின் விதி கண்டிப்பானது. பிரசங்கம் கூடாது, விவாதம் கூடாது, அடுத்தவர் சொன்னதைத் திருத்தக் கூடாது. "என்னை இந்தச் சொல் தொட்டது" என்று மட்டும் சொல்லலாம். பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டி சொன்னதும், வேதியர் சொன்னதும் ஒரே எடை. வாசிக்கத் தெரியாதவரும் மூன்றாம் படியில் கலந்துகொள்ளலாம், காதில் விழுந்த சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதுமே. கோயில் பீடத்தில் ஏறாத பெண்கள் கூட்டத்தையே நடத்துகிறார்கள். கோஷ்டி வழக்கில் நீதிபதிகளைத் திணறடித்த அந்தக் கேள்விக்கு ஒரு விடை, பாயை விரித்துப் போட்ட முன்னறையில், எந்தத் தீர்ப்பும் இல்லாமல் நடந்துவிட்டது.

முழுக்க நடந்துவிட்டதா என்றால், இல்லை. அன்பியம் தெருவை வைத்துப் பிரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் தெரு எதை வைத்துப் பிரிந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சேரியும் ஊரும் தனித்தனியாக இருக்கும் இடத்தில் அன்பியமும் தனித்தனிதான். இது கத்தோலிக்கருக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன், தேவாலயத்தில் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நின்று எழுதியவர் வேதநாயகம் சாஸ்திரியார், அத்தனை அருமையான பாடல்களைத் தந்த அதே மனிதர். சேர்ந்து பாடலாம், சேர்ந்து உட்காருவதுதான் கஷ்டம்.

இன்னொரு சிக்கல் மௌனம். தமிழர்களுக்குக் கூட்டத்தில் மௌனம் பழக்கமில்லை. கோஷ்டியில் இல்லை, புராண படனத்தில் இல்லை, உபதேசியார் நடத்தும் ஜெபக்கூட்டத்தில் கேட்கவே வேண்டாம். மூன்று நிமிடம் யாரும் பேசாவிட்டால் "ஒரு பாட்டுப் பாடலாமே" என்று யாராவது தொடங்கிவிடுவார்கள். நேரம் போதாதபோது முதலில் வெட்டு விழுவது நான்காம் படிக்குத்தான். அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது இன்னொரு ஜெபக்கூட்டம். சந்தா வசூல், அடுத்த வாரம் யார் வீடு, காபி.

மூன்றாம் படியில் எந்தத் தமிழ் என்பதும் ஒரு வேடிக்கையான விஷயம். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் "திருவிவிலியம்" என்று வெளியானது. கத்தோலிக்கர் அதை ஏற்றுக்கொண்டார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் பழைய வேதாகமத்தையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே சி.எஸ்.ஐ. குடும்பம் ஒன்று பக்கத்து வீட்டு அன்பியக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தால், அவர்கள் கையில் "தேவன்", "சுவிசேஷம்", "பரிசுத்த ஆவி". வீட்டுக்காரர் கையில் "கடவுள்", "நற்செய்தி", "தூய ஆவி". ஒரே வசனத்தில் இருந்து இரண்டு வீட்டாரும் மனதில் பட்ட சொல்லைச் சொல்வார்கள். காதில் விழுவது இரண்டு வெவ்வேறு சொல்லாக இருக்கும். அடுத்த படி மௌனம் என்பதால் யாரும் யாரையும் திருத்த முடியாது.