ஏழைகளின் வாசல், நாட்டின் தொட்டில்

துவாஸிலிருந்து ஞாயிறுதோறும் தேக்காவுக்கு வரும் நம் ஊழியர்கள் ஹேம்ப்ஷியர் ரோட்டில் ஓர் அலுவலக வளாகத்தைக் கடந்து போகிறார்கள். அதன் கதை தெரியுமா, நேயர்களே?

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் ஏழை விடுதிகள் இருந்தன. உழைத்தால்தான் கஞ்சி. அங்கே போவதையே மக்கள் அவமானமாக நினைத்தார்கள். பின்னாளில் அவற்றுள் பல மருத்துவமனைகளாயின.

தேக்காவிலும் ஏறக்குறைய அதே கதைதான். எருமைப் பட்டிகள் இருந்த பகுதி என்பதால் மலாயில் ‘கண்டாங் கெர்பாவ்’ எனப்பட்ட இங்கே, 1858ல் ஒரு மருத்துவமனை கட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான மருத்துவமனை. வேறு போக்கிடம் இல்லாதவர்கள் வந்த இடம்.

1924 அக்டோபர் 1ஆம் தேதி, 30 படுக்கைகளுடன் இலவச மகப்பேறு மருத்துவமனையானது. 1966ல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் உலக சாதனை அது!

1997ல் மருத்துவமனை அருகிலேயே புதிய கட்டடத்துக்கு மாறியது. பழைய வளாகம் பின்னர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தலைமையகமானது. 2017ல் துவாஸ் வரை எம்ஆர்டி பாதையை நீட்டியதும் அதே ஆணையம்தான்.

உங்கள் அப்பா, அம்மாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பலருக்கும் பிறந்த இடம் அதுவாகத்தான் இருக்கும். ஏழைகளுக்கென்று திறந்த வாசல் வழியாகத்தான் ஒரு தலைமுறையே இந்நாட்டுக்குள் வந்தது.